கைதட்டு வாங்கிய பதிமூன்று கிலோ

போன மாதம் கவிதா எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். நான் வேலை செய்த கவர்மெண்டு கிளினிக்கில் இப்போது என் இடத்தில் இருக்கிற பெண் அவள். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய்ப் பிரிவுக்குப் புது எடை மெஷின் வந்திருக்கிறதாம். ஆள் ஏறி நின்றதும் மெஷினே வாய் திறந்து, கணீரென்று ஒரு பொம்பளைக் குரலில், மலாயில் எடையைச் சொல்கிறது. கூடத்தின் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கிறது. “இனிமே நாங்க தொண்டை கிழியக் கத்த வேணாம்லா அக்கா” என்று கீழே எழுதி, சிரிக்கிற முகம் மூன்று போட்டிருந்தாள். கூடவே ஒரு வேண்டுகோள். ஓய்வு பெற்றவர்களின் ஒன்றுகூடலுக்கு நினைவு மலர் போடுகிறார்கள். சாந்திக்கா தமிழில் நாலு பக்கம், இனிய நினைவுகளாக எழுதித் தர வேண்டும்.

வீடியோவை நாலு தடவை பார்த்தேன். பார்த்துவிட்டு மத்தியானச் சோற்றை மூடி வைத்தேன். வந்த கோபத்தில் இனிய நினைவு ஒன்றுகூடக் கைக்கு அகப்படவில்லை. அதனால் இதைத்தான் எழுதித் தருகிறேன். போடுவதானால் போடட்டும்.

நான் மலாக்காவில் சிம்பாங் அம்பாட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளிக்கூடம் நின்றது. இருபத்திரண்டு வயதில் கிளினிக்கில் அட்டெண்டனாகச் சேர்ந்தேன். பயிற்சி மூன்று மாதம். படுக்கை விரிப்பு மாற்றுவது, கருவிகளை அவித்து எடுப்பது, மயங்கி விழுகிறவரைத் தலை அடிபடாமல் தாங்குவது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது. கடைசிப் பாடம்தான் என் மண்டையில் நன்றாக ஏறியது. நர்ஸை மிஸ்ஸி என்று கூப்பிடுகிற சனங்கள் எங்களையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். ஆனால் யார் மிஸ்ஸி, யார் அட்டெண்டன் என்பது உள்ளே இருக்கிற எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். அடுப்பை அணைத்தேனா, குழாயை மூடினேனா என்று பஸ் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடுகிற ரகம். ஒரு தடவை இல்லை, சில நாள் மூன்று தடவை. எடை பார்க்கிற வேலைக்கு இந்தக் குணம் பொருந்திப் போனது. இருபது வருடத்துக்கு மேல் இனிப்புநீர்ப் பிரிவில் அந்த வேலைதான் பார்த்தேன்.

எடை பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். காலையில் கூடம் திறக்குமுன் மெஷினைச் சமதரையில் வைத்து, முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றைத் தூக்கி அதன்மேல் வைப்பேன். அதற்காகவே ஸ்டோரில் பிளாஸ்டிக் சுற்றி வைத்திருந்த மூட்டை. முள் பத்தில் நிற்க வேண்டும். சோறு குறை, சோறு குறை என்று நாள் முழுக்கச் சொல்கிற இடத்தில் ஓர் அரிசி மூட்டைதான் எங்களுக்கு நீதிபதி. ஆள் வந்ததும் செருப்பைக் கழற்றச் சொல்வேன். கைப்பை, போன், சாவிக்கொத்து எல்லாம் கீழே. நேராகப் பார்க்க வேண்டும், குனிந்து முள்ளைப் பார்த்தால் எடை ஆடும். முள் நின்றபிறகு மூச்சு ஒன்று விடும் நேரம் பொறுத்துத்தான் எழுத வேண்டும். பொம்பளைகள் வளையலைக் கழற்றுவார்கள். சிலர் காலையில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வந்து நிற்பார்கள், கால் நடுங்கும். எடைக்குப் பயந்து இனிப்புநீர்க்காரர் பட்டினி கிடப்பது எத்தனை ஆபத்து என்று அவர்களுக்கு யார் சொன்னது? நாங்கள் சொன்னதெல்லாம் எடை ஏறிவிட்டது என்பது மட்டும்தான்.

நான் எடையைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் கிளினிக் வழக்கம். தலைமை நர்ஸான சிஸ்டரின் மேசை ஐந்து எட்டு வைக்கிற தூரம் தள்ளி இருந்தது. அவர் அங்கே உட்கார்ந்து ஒவ்வொருவரின் பச்சைப் புத்தகத்திலும் எழுதுவார். நான் இங்கிருந்து கத்துவேன். “லாப்பான் புலோ அம்பாட்!” எண்பத்து நாலு. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற கூடம். எல்லாம் ஒரே வட்டாரம், பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், சம்பந்திகள், ஒரே கோவில் காவடி. யாருக்கு எத்தனை கிலோ என்பது மத்தியானத்துக்குள் சிம்பாங் அம்பாட் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

சிஸ்டர் பேர் ரத்னேஸ்வரி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவராம். கஞ்சி போட்ட வெள்ளை யூனிபோர்மில் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் ஏழரைக்கு வந்து நிற்பார். அவரைவிட வயது கூடினவர்களையும் “பிள்ளை” என்றுதான் கூப்பிடுவார். எழுதும்போது பேச மாட்டார். பேசும்போது பேனாவை மூடி மேசைமேல் நேராக வைத்துவிடுவார். பேனா மூடுகிற ‘டக்’ சத்தம் கேட்டாலே முன்னால் நிற்கிறவருக்கு ஏச்சு வரப்போகிறது என்று தெரிந்துவிடும். நானூறு பேருடைய சர்க்கரை அளவும் அவருக்கு மனப்பாடம். அவர் அம்மாவுக்கு இனிப்புநீரால் ஒரு காலை முழங்காலோடு எடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் கெட்ட மனுஷி இல்லை. காய்ச்சலோடு வேலைக்கு வந்திருக்கிறார். ஆனால் எடை ஏறினவருக்கு அவரிடம் ஒரே ஒரு தீர்ப்புதான் இருந்தது.

“உங்கட வாய்தான் பிள்ளை உங்களுக்கு எதிரி. வேற ஒருத்தரும் இல்லை.”

அந்தத் தீர்ப்பு வாங்கினவர்களில் ஒருவர் தனலெட்சுமி. இது அவர் உண்மையான பேர் இல்லை. பேரை மாற்றியிருக்கிறேன், எடையை மாற்றவில்லை.

தனலெட்சுமிக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிற வேலை. நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து நடக்கிற உடம்பு. புருஷன் போய்ப் பல வருடம். ஒரே மகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் கூடத்தில் இருக்கிற கிழவிகளையெல்லாம் சிரிக்க வைப்பார். அவருக்கு ஒரு தடவை எழுபத்தாறு, அடுத்த தடவை எண்பது, அதற்கடுத்து எண்பத்து நாலு. சர்க்கரையும் கூடவே ஏறியது. வருடத்துக்கு ஒருவராக மாறுகிற இளம் டாக்டர்கள் புத்தகத்தைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினார்கள். சிஸ்டர் பேனாவை மூடினார். மூன்று மாதத்துக்குச் சாப்பிடுவதையெல்லாம் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

தனலெட்சுமி எழுதிக்கொண்டு வந்தார். மகளுடைய பழைய பள்ளிக்கொப்பியில், குண்டு குண்டான தமிழ் எழுத்தில், ஒரு நாள் விடாமல். சிஸ்டர் படித்தது இங்கிலீஷ் பள்ளிக்கூடம். தமிழ் பேசுவார், எழுத்து வாசிக்கத் தெரியாது. “சாந்தி, வந்து வாசி” என்றார். நான் மெஷினை விட்டு வந்து கூடத்தின் முன்னால் நின்று சத்தமாக வாசித்தேன். காலை, தோசை ஒன்று, சீனி இல்லாத கோப்பி. மத்தியானம், சோறு ஓர் அகப்பை, கீரை, மீன் ஒரு துண்டு. சாயங்காலம், சீனி இல்லாத தேத்தண்ணி. இரவு, சப்பாத்தி இரண்டு.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. இரவு மாத்திரைக்கு அப்புறம் பசி. ரொட்டி நாலு துண்டு.

அந்த வரியை நான் வாசிக்கவில்லை.

அடுத்த நாளிலும் அதே வரி. அதற்கடுத்த நாளிலும். சில நாள் ரொட்டி ஆறு, சில நாள் மிச்சச் சோறு, பிஸ்கட். எல்லா நாளும் இரவு மாத்திரைக்கு அப்புறம். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வரியைத் தாண்டித் தாண்டி வாசித்தேன். தனலெட்சுமி என்னைப் பார்த்தார். காலில் விழுந்து கும்பிடுகிற மாதிரி ஒரு பார்வை.

நான் ஏன் விட்டேன் என்று சொல்ல வேண்டும். அந்த மாத்திரை என்ன மாத்திரை என்று எனக்குத் தெரியும். டவுனில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில், பின்பக்க வராந்தாவில், மனநலப் பிரிவுக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு இருக்கிறது. அங்கே தனலெட்சுமியை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அவரும் என்னைப் பார்த்திருக்கிறார். ஏனென்றால் நானும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். குழாயை மூடினேனா என்கிற பயம் ஒரு கட்டத்தில் தூக்கத்தைத் தின்றுவிட்டது. மூன்று வருடமாக எனக்கும் அங்கே மாத்திரை. கிளினிக்கில் ஒருத்தருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அந்தப் பெஞ்சுக்கு ஓர் எழுதாத சட்டம் உண்டு. அங்கே பார்த்தவரை வெளியில் பார்த்தால் அங்கே பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. நம் சனங்கள் அத்தனை பேரும் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுகிறோம், கோவில் கட்டுப்பாட்டைவிட ஒழுங்காக.

அதிலும் அந்த நேரம் தனலெட்சுமி மகளுக்குக் கோலா சுங்கை பாருவில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அம்மாவுக்குப் பைத்திய மாத்திரை என்று கூடத்தில் ஒரு காதில் விழுந்தால் போதும். அதனால் விட்டேன். நல்லது செய்வதாக நினைத்துத்தான் விட்டேன். எனக்குக் கொடுத்தது வேறு மாத்திரை, எனக்கு எடை ஏறவில்லை. ஆகவே மாத்திரைக்கும் பசிக்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியவில்லை. ஆனால் முடிச்சு அந்த வரியிலேயே போட்டு இருந்ததே. அப்புறம் பசி என்று அந்தப் பொம்பளை ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தாளே. நான் வாசித்திருந்தால், தெரிந்தவர்கள் யாராவது காதில் வாங்கியிருப்பார்கள்.

நான் வாசித்து முடித்ததும் சிஸ்டர் பேனாவை மூடினார்.

“இவ்வளவுதான் சாப்பிடுறீங்களெண்டால், காத்தைக் குடிச்சோ பிள்ளை இந்த எடை ஏறுது?”

கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் என்னைச் சந்தேகப்படுவார்களோ என்கிற பயம். தனலெட்சுமியும் சிரித்தார், அதுதான் கொடுமை. கொப்பியை வாங்கிச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றோடு அவர் ஒரு பொய்க்காரி என்று நாற்பது பேர் முன்னால் முடிவாகிவிட்டது. முடித்து வைத்தவள் நான்.

அடுத்த தடவை எழுபத்தொன்பது. சிஸ்டர் முகம் மலர்ந்தது. மூன்று மாதம் கழித்து எழுபத்தொன்று.

நான் முள்ளை மூன்று தடவை பார்த்தேன். அவரை இறக்கிவிட்டு அரிசி மூட்டையைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். பத்து. மெஷின் சரி. “துஜோ புலோ சத்து!” என்று கத்தினேன். பதிமூன்று கிலோ. சிஸ்டர் எழுந்துவிட்டார். தனலெட்சுமியின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து கூடத்தின் நடுவில் நிறுத்தி, எல்லாரையும் கைதட்டச் சொன்னார். சாப்பாட்டு அளவு காட்டுகிற பிளாஸ்டிக் தட்டை அவர் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். “மனம் வச்சால் முடியுந்தானே, பிள்ளை?” என்றார் சிஸ்டர். தனலெட்சுமி அடையாளக் கார்டுப் படத்துக்கு நிற்கிற மாதிரி நின்றார். நான் கைதட்டிக்கொண்டே குனிந்தேன். அவர் கழற்றி வைத்த செருப்பில் ஒன்று நீலம், ஒன்று கறுப்பு.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. தலையில் எண்ணெய் வைக்காமல் ஒருநாளும் வராத தனலெட்சுமி, அன்று வறண்ட தலையோடு வந்திருந்தார். கிழவிகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பெரிய ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இரண்டு தவணையாக அவரைக் காணோம். ஆனால் நான் யார்? குழாய்க்குப் பயப்படுகிறவள். அடுப்புக்குப் பயப்படுகிறவள். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளுக்கு எது நிசமான பயம் என்று எப்படித் தெரியும்? இதுவும் அந்த மாதிரிதான் என்று என்னை நானே அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அடக்கக் கூடாத ஒரே பயத்தை அடக்கினேன்.

எங்கள் கிளினிக்கின் அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை. வராதவர்களின் வீட்டுக்கு ஆள் போய்ப் பார்க்கிற ஏற்பாடு எங்களுக்கு உண்டு. சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எடை குறைஞ்ச ஆளைத் தேடிப் போக எங்களுக்கு நேரம் எங்க கிடக்கு? ஏறினவையைத் தேடு.”

அவர் ஒருவர்மேல் மட்டும் கோபம் இல்லை எனக்கு. அந்தப் பேச்சு ஒட்டுமொத்தமாக எங்கள் எல்லாருடைய பேச்சும்தான். நம்பர் ஏறினால் அது உன் குற்றம். நம்பர் இறங்கினால் அது எங்கள் பெருமை. நம்பர்மேல் நிற்கிற மனுஷி என்ன ஆனாள் என்று கேட்க எங்கள் பச்சைப் புத்தகத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரரை மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொல்லி நானே போனேன். தோட்டத்து லயத்து வரிசையில் கடைசி வீடு. மகள் கல்யாணமாகி டுரியான் துங்காலில் குடியிருந்தாள். வீடு திறந்திருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. உள்ளே போனால் சமையல்கட்டுத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். சட்டையெல்லாம் வேர்வை. கை உதறுகிறது. பேச்சு குழறுகிறது. அடுப்பில் ஒன்றும் இல்லை, பானை கழுவிக் கவிழ்த்து எத்தனை நாளோ. மேசைமேல் எங்கள் கிளினிக் இனிப்புநீர் மாத்திரை மட்டும் ஒழுங்காகப் பிரித்திருந்தது. சாப்பாடு இல்லாமல் அதை மட்டும் விழுங்கியிருக்கிறார். சர்க்கரை கீழே இறங்கிவிட்டது. இது எனக்குத் தெரியும், இதற்குப் பயிற்சி உண்டு. முழுங்குகிற நினைவு இருக்கிறதா என்று பார்த்து, மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கி உதட்டருகில் கொண்டு போனேன்.

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“வேணாம் மிஸ்ஸி. எடை ஏறிடும்.”

முப்பது வருட வேலையில் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன். ரத்தம் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு சொல்தான் என்னை உட்கார வைத்தது. உயிர் போகிற நேரத்திலும் அந்த மனுஷி எங்கள் மெஷினுக்குப் பயப்படுகிறார். தலையை மடியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. இன்னொரு டம்ளர் கொடுத்து, மேசையில் கிடந்த பிஸ்கட்டைத் தின்ன வைத்தேன். அப்புறம்தான் பேசினார்.

“அந்த மாத்திரைய நான்தான் நிறுத்துனேன். அத போட்டா பசிக்குது, தின்னா எடை ஏறுது, எடை ஏறுனா சிஸ்டர் ஏசுறாங்க. சரி, ஏச்சாவது நிக்கட்டும்னு நிறுத்துனேன். பசி நின்னுச்சு. எல்லாமும் நின்னுச்சு.”

அவருக்கு என்ன கவலை என்று முதலில் அந்தப் பிரிவுக்குப் போகும்போது எல்லாரும் கேட்டார்களாம். கவலை ஒன்றும் இல்லை. மகள் நல்லவள், வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது. காரணமே இல்லாமல் விடியற்காலையில் நெஞ்சில் கல் வைத்த மாதிரி வருமாம். காரணம் இருந்தாலாவது யாரிடமாவது சொல்லி அழலாம் என்றார். கைதட்டு வாங்கின அன்று வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை அழுதிருக்கிறார்.

நான் பயந்துகொண்டே கேட்டேன். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா அக்கா என்று நேராகவே கேட்டேன். கேட்டால் அந்த நினைப்பை நாமே தூண்டிவிடுவோம் என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. அவருக்கு அந்தக் கேள்வி ஒரு சுமையை இறக்கின மாதிரி இருந்தது.

“தெனமும்” என்றார். “யாரும் கேக்கல.”

அதற்குப் பிறகு அவரை ஒரு நிமிஷம் தனியாக விடவில்லை. வீட்டுக்காரர் மகளுக்குப் போன் போட்டார். அவள் காரை எடுத்துக்கொண்டு அரை மணியில் வந்தாள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் பார்த்துவிட்டு, மனநலப் பிரிவு டாக்டரை வரவழைத்தார்கள். சின்னப் பெண், சீனப் பெண். நாற்காலியை இழுத்துப் போட்டுத் தனலெட்சுமியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து கேட்டார். நான் மொழிபெயர்த்தேன், இந்தத் தடவை ஒரு வார்த்தை விடாமல். அந்த இரவு மாத்திரை சிலருக்குப் பசியைத் தாங்க முடியாத அளவுக்குக் கிளப்பும், எடை ஏறும், எடை ஏறினால் சர்க்கரையும் அடங்காது. “இது அவங்க வாய் இல்லை, மாத்திரை” என்று டாக்டர் மலாயில் சொன்னார். இனிப்புநீர் இருப்பது தெரிந்திருந்தால் ஆரம்பத்திலேயே வேறு மாத்திரையை யோசித்திருப்போம் என்றார். ஆனால் தனலெட்சுமி அங்கே இனிப்புநீரைச் சொல்லவில்லை, இங்கே இரவு மாத்திரையைச் சொல்லவில்லை. இரண்டு இடத்திலும் ஏச்சுக்குப் பயம். தானாக நிறுத்தியதுதான் பெரிய ஆபத்து, எடை பிடிக்கவில்லை என்றால் எங்களிடம் வந்து சண்டை போடுங்கள், மாற்றித் தருகிறோம், நீங்களாக மட்டும் நிறுத்தாதீர்கள் என்றார். வேறு மருந்து ஆரம்பித்தார்கள். வார்டில் இரண்டு வாரம் வைத்திருந்தார்கள்.

டாக்டர் எங்கள் கிளினிக்குக்கு ஒரு கடிதம் கொடுத்தார். திங்கட்கிழமை நான்தான் கொண்டுபோய்ச் சிஸ்டரிடம் நீட்டினேன். நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ எப்படி அறிஞ்சனீ, சாந்தி?”

ஊரில் பேசிக்கொண்டார்கள் என்று பொய் சொன்னேன்.

கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். “அந்தக் கொப்பியில மாத்திரையைப் பற்றி ஒண்டும் எழுதியிருக்கேல்லைத்தானே?”

“இல்ல சிஸ்டர்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். தன் காதில் விழாமல் போனதா என்று அவர் அந்த நேரத்தில் யோசித்திருக்க வேண்டும். அந்தப் பாரத்தை நான் இறக்கி வைத்தேனா, இல்லை நான் சுமக்க வேண்டியதை மறைத்தேனா? இரண்டும்தான்.

சிஸ்டர் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அது அவர் வழக்கம் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, அவர் மேசை எடை மெஷினுக்குப் பக்கத்தில், முழங்கை இடிக்கிற தூரத்தில் கிடந்தது. அவரே இழுத்துப் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து நான் கத்தவில்லை. முள்ளைப் பார்த்து மெல்லச் சொன்னேன், அவர் எழுதினார். எழுதுமுன் குரலைத் தாழ்த்தி ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்டார். வேறு எங்கேயாவது மருந்து எடுக்கிறீர்களா? மூன்றே மாதத்தில் ஏழு பேர் ஆமாம் என்றார்கள். ஏழு பேர்! எல்லாரும் அதே கூடத்தில் பல வருடம் ஏச்சு வாங்கினவர்கள்.

இதுதான் கவிதா, அந்த ஐந்து எட்டின் கதை. ஒரு மனுஷி தரையில் சாய்ந்து கிடந்ததால் நகர்ந்த மேசை. சிஸ்டர் ஓய்வு பெற்றார், நான் ஓய்வு பெற்றேன், அந்த மேசை பழைய இடத்துக்குப் போனது எனக்குத் தெரியும். இப்போது கத்துகிற மெஷினை வேறு வாங்கி வைத்திருக்கிறீர்கள். சுவரில் எடை குறைத்த வெற்றியாளர் படம் மாட்ட ஒரு பலகையும் அடித்திருக்கிறீர்கள். அந்தப் படத்தில் இருக்கிறவர் ஏன் இளைத்தார் என்று யாராவது கேட்டீர்களா?

எனக்கும் இப்போது இனிப்புநீர். போன வாரம் தனலெட்சுமியும் நானும் ஒரே நாளில் கிளினிக்குக்குப் போனோம். அவர் எனக்கு முன்னால் ஏறினார். மெஷின் கூடத்துக்கே சொன்னது. லாப்பான் புலோ சத்து. எண்பத்தொன்று. எல்லாத் தலையும் திரும்பியது. அவர் சர்க்கரை இரண்டு வருடமாக அடக்கத்தில் இருக்கிறது, மாத்திரை ஒரு நாள் தவறுவதில்லை, தினம் நடக்கிறார். எடை மட்டும் ஒரு கிலோ இறங்கும், ஒன்றரை ஏறும். மெஷினுக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாது.

தனலெட்சுமி அவசரப்படாமல் இறங்கிச் செருப்பை மாட்டினார். இரண்டும் நீலம்.

“எழுதிக்கம்மா” என்றார் கவிதாவிடம், கூடத்துக்குக் கேட்கிற மாதிரியே. “கை தட்டுனப்ப எழுவத்தொண்ணு. அப்ப நான் பாதி செத்திருந்தேன்.”

அடுத்து நான். மெஷின் என் எடையைச் சொன்னது. வேறு மருந்து உண்டா என்று கவிதா கேட்கவில்லை, நானே சொன்னேன். மனநலப் பிரிவில் பதினோரு வருடமாக மாத்திரை எடுக்கிறேன் என்று, மாத்திரையின் பேரையும் சேர்த்துச் சொன்னேன். என் குரல் மெஷின் அளவுக்குக் கணீரென்று இல்லை. ஆனாலும் பின்வரிசையில் ஒரு கிழவி, யாரு நம்ம சாந்தியா என்று கேட்டது என் காதில் விழுந்தது. கவிதா மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு எதையோ தேடினாள். சத்தத்தை அணைக்கிற விசை ஒன்று இருக்கத்தான் செய்கிறதாம். தொடக் கூடாது என்று மேலே உத்தரவாம். அந்த உத்தரவு போட்டவர் இதைப் படிக்கட்டும்.

ஒன்றுகூடலுக்குச் சிஸ்டர்தான் முதன்மை விருந்தாளி என்று கேள்விப்பட்டேன். இப்போது மலாக்கா டவுனில் மகனோடு இருக்கிறார். இந்த மலர் அவர் கைக்குப் போகும். தமிழ் எழுத்து தெரியாதவர், பக்கத்தில் இருக்கிற யாரையாவது கூப்பிட்டு, சாந்தி என்ன எழுதியிருக்கிறாள், வாசி பிள்ளை என்பார். அந்தப் பிள்ளைக்குச் சொல்கிறேன். நடுவில் நான் கொப்பி வாசித்த இடம் வரும். இரவு மாத்திரைக்கு அப்புறம் பசி, ரொட்டி நாலு துண்டு. அந்த வரியை விட்டுவிடாமல் வாசிம்மா.